மென்டார் கிடைத்துவிட்டார், இலக்கு என்று எதை எழுதுவது?

வாசகர் கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜூனியர் டெவலப்பராகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கல்லூரியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஜாவா மொழியும், அதில் சர்வர் பக்க மென்பொருள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டும் வேலைக்கு வந்த பிறகு கற்றவை. இப்போது எங்கள் நிறுவனம் ஆறு மாத மென்டார் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வேறு டீமில் இருக்கும் மூத்த ஆர்க்கிடெக்ட் ஒருவரை எனக்கு மென்டாராக (வழிகாட்டியாக) நியமித்திருக்கிறது. 15 நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் பேச வேண்டும். எச்.ஆர். தந்த படிவத்தில் மூன்று இலக்குகளைக் கேட்கிறார்கள். ‘சிஸ்டம் டிசைன் கற்பது’, ‘நல்ல ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆவது’, ‘தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது’ என்று எழுதினேன். முதல் சந்திப்பில் அவர் படித்துப் பார்த்து, “நல்லது, பார்க்கலாம்” என்றார். மீதி நேரம் பொதுவான பேச்சிலேயே போய்விட்டது. எனக்குத் தெரியாததை வெளிப்படையாகக் கேட்டால் அது மேனேஜர் காதுக்குப் போய் அப்ரைசலில் வந்து நிற்குமோ என்ற பயமும் இருக்கிறது. என் ஆங்கிலமும் சுமார்தான். ஏ.ஐ.யே எல்லாவற்றையும் சொல்லித்தரும் காலத்தில் மென்டாரிடம் எதைத்தான் கேட்பது? இலக்குகளை எப்படித் திருத்தி எழுதுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எழுதிய மூன்றும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் அந்த மூன்றையும் படித்த ஒருவர், அடுத்த சந்திப்புக்கு எதைத் தயார் செய்துகொண்டு வருவது என்று அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. அவர் “பார்க்கலாம்” என்றதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிடித்துப் பேச அவருக்கு ஒரு நுனி கிடைக்கவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 15 நாளுக்கு அரை மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் 12 சந்திப்புகள், மொத்தம் ஆறு மணி நேரம். இடையில் ஒரு ரிலீஸ், ஒரு தீபாவளி விடுமுறை என்று வந்தால் ஐந்து மணி நேரம்தான் தேறும். அதற்குள் சிஸ்டம் டிசைனை, அதாவது ஒரு மென்பொருளின் மொத்த அமைப்பைத் திட்டமிடுவதை, ஒருவருக்குச் சொல்லித்தர யாராலும் முடியாது; சொல்லித்தரவும் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பாடம் யூடியூபில் தமிழிலேயே கிடைக்கிறது. உங்கள் மென்டாரிடம் மட்டுமே கிடைக்கக்கூடியது வேறு ஒன்று. உங்கள் நிறுவனத்தின் கோடு (மென்பொருள் நிரல்), அதன் பழைய சிக்கல்கள், அங்கே எது தாங்கும், எது தாங்காது என்பதையெல்லாம் வைத்து ஒரு முடிவை எப்படி எடுக்கிறார் என்பதுதான் அது. ஆகவே பாடத்தின் பெயரை இலக்காக எழுதாதீர்கள். இன்று பிறரைக் கேட்டோ, பிறர் திருத்தியோ நீங்கள் எடுக்கும் எந்த முடிவை, ஆறு மாதம் கழித்து நீங்களே எடுத்து, ஏன் அப்படி எடுத்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும் என்பதை எழுதுங்கள். என் பரிந்துரை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதைச் செய்யும் வழி.

அந்த முடிவுகள் எவை என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். அவை ஏற்கெனவே எழுத்தில் இருக்கின்றன. கடந்த மூன்று மாதங்களில் நீங்கள் அனுப்பிய புல் ரெக்வெஸ்டுகளை, அதாவது கோடைச் சேர்க்கும் முன் பிறர் சரிபார்க்க அனுப்பியவற்றைத் திறந்து, ரிவ்யூ செய்தவர்கள் எழுதிய குறிப்புகளை ஒரு மாலை உட்கார்ந்து வரிசையாகப் படியுங்கள். மாறியின் பெயர், இடைவெளி, ஃபார்மேட் பற்றியவற்றை ஒதுக்கிவிடுங்கள். அவற்றைச் சரிசெய்ய மென்டார் தேவையில்லை, எடிட்டரில் ஒரு செட்டிங் போதும். மீதியில் ஒரே விஷயம் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தில்தான் உங்கள் இலக்கு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்யும் ஜூனியர்கள் பலரின் ரிவ்யூவில் இது வந்தே தீரும். ஆர்டர்களைப் பட்டியலிடும் ஒரு பக்கம். நூறு ஆர்டர்களை எடுக்க டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) போகிறது. பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் வாடிக்கையாளரின் பெயரைக் காட்டுகிறீர்கள். ஆர்டருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு லேஸி (தேவைப்படும்போது மட்டும் எடு) என்று குறிக்கப்பட்டிருப்பதால், பெயரைத் தொடும்போதெல்லாம் ஹைபர்நேட் (ஜாவா கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே நிற்கும் லைப்ரரி) பின்னால் இன்னொரு குவெரியை அனுப்புகிறது. வாடிக்கையாளர்கள் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் மொத்தம் 101 குவெரிகள். உங்கள் லேப்டாப்பில் உள்ள டேட்டாபேஸில் ஐந்து ஆர்டர்கள்தான் இருக்கும் என்பதால் பக்கம் நொடியில் திறக்கிறது. டெஸ்டும் பாஸ் ஆகிறது. ரிவ்யூ செய்பவர் “லூப்புக்குள் குவெரி போகிறது, பாருங்கள்” என்று ஒரு வரி எழுதுகிறார். நீங்கள் தேடிப் பார்த்து ‘ஜாயின் ஃபெட்ச்’ (இரண்டையும் ஒரே குவெரியில் எடுப்பது) என்று மாற்றுகிறீர்கள், டிக்கெட் (அந்த வேலைக்கான பதிவு) மூடப்படுகிறது. அடுத்த மாதம் இன்னொரு ஃபைலில் அதே தவறு, அதே குறிப்பு.

இங்கே உங்களுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. ‘எத்தனை குவெரி போகிறது?’ என்ற கேள்வி மட்டும் இன்னும் ரிவ்யூ செய்பவரிடமே தங்கியிருக்கிறது. அதை உங்கள் பக்கம் கொண்டுவருவதுதான் இலக்காக வேண்டும். ‘டேட்டாபேஸ் பெர்ஃபார்மன்ஸ் கற்பேன்’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘தரவு எடுக்கும் எந்தக் கோடையும் ரிவ்யூவுக்கு அனுப்பும் முன், எத்தனை குவெரி போகிறது, தரவு நூறு மடங்கானால் என்ன ஆகும் என்று நானே பார்த்துப் புல் ரெக்வெஸ்டின் விவரத்தில் எழுதுவேன்’ என்று எழுதுங்கள். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. டெவலப்மென்ட் சூழலில் எஸ்.க்யூ.எல். லாகை (போகும் குவெரிகளை வரிசையாகக் காட்டும் பதிவை) இயக்கிவிட்டு எண்ணினால் போதும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் சந்தேகமான குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ போட்டு, இண்டெக்ஸைப் (விரைவாகத் தேட உதவும் பட்டியலைப்) பயன்படுத்துகிறதா, டேபிளை முழுவதும் படிக்கிறதா என்று பார்க்கலாம். (அது குவெரியை உண்மையிலேயே ஓட்டும் என்பதை மறக்க வேண்டாம், அப்டேட், டெலீட்டுக்கு முன்னால் யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள்.)

இவ்வளவையும் நீங்கள் தனியாகவே செய்யலாம் என்றால், மென்டார் எதற்கு? அடுத்த படிக்கு. வாடிக்கையாளர் போல ஆர்டருக்கு ஒருவர் என்ற உறவில் ‘ஜாயின் ஃபெட்ச்’ சிக்கலில்லாமல் வேலை செய்யும். ஆனால் ஓர் ஆர்டரில் உள்ள பல பொருள்களை அதே முறையில் எடுத்து, கூடவே பக்கம் பக்கமாகப் பிரித்தும் கேட்டால், ஹைபர்நேட் பொருந்தும் வரிகள் எல்லாவற்றையும் நினைவகத்துக்கு இழுத்துவந்து, அதற்குப் பிறகுதான் பிரிக்கும். லாகில் ஓர் எச்சரிக்கை வரி விழும், அதை யாரும் படிப்பதில்லை. ஐந்து ஆர்டரில் தெரியாத இந்தக் கோளாறு, மக்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் சர்வரையே கீழே தள்ளும். அப்போது ஐ.டி.க்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு இரண்டாவது குவெரியில் பொருள்களை எடுப்பதா, பேட்ச் அளவை (ஒரு குவெரியில் எத்தனை ஆர்டர்களின் பொருள்களை எடுப்பது என்பதை) அமைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதா, அந்தப் பக்கத்துக்கு வேண்டிய நாலு நெடுவரிசைகளை மட்டும் தனியாக எடுப்பதா என்று மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றுமே சரியானவை. உங்கள் தயாரிப்பில், அந்தப் பக்கத்தில், எது பொருந்தும், ஏன் என்பதுதான் ஆர்க்கிடெக்டிடம் கேட்க வேண்டிய கேள்வி. இப்படி ஒரு கேள்வியை எடுத்துச் சென்றால் அந்த அரை மணி நேரம் போதாமல் போகும்.

இரண்டாவது இலக்கு, வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்வதைப் பற்றியதாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் இது இல்லை. ஆனாலும் ஒன்றரை ஆண்டு அனுபவத்தில் தன்னம்பிக்கையை அதிகம் அரிப்பது இதுதான் என்பது என் கணிப்பு. ஸ்பிரின்ட் (ஓரிரு வாரப் பணிச் சுற்று) திட்டமிடும் கூட்டத்தில் எல்லோரும் காத்திருக்க, “இரண்டு நாளில் முடித்துவிடுவேன்” என்று வாய் தவறி வந்துவிடும். பிறகு நான்கு நாள் ஸ்டாண்ட்அப்பில் (தினசரிக் குறுங்கூட்டத்தில்) “இன்றைக்கு முடிந்துவிடும்” என்றே சொல்ல நேரும். ரிஃபண்ட் திரையில் ஒரு நெடுவரிசை சேர்ப்பது என்ற சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எழுத உண்மையிலேயே அரை நாள்தான். ஆனால் டேபிளை மாற்ற டேட்டாபேஸ் நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும், தரவு தரும் அதே ஏ.பி.ஐ.யைப் பழைய மொபைல் ஆப்பும் பயன்படுத்துகிறது, அது உடையாமல் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பழைய பதிவுகளில் அந்த நெடுவரிசைக்கு என்ன மதிப்பு என்று பிசினஸ் தரப்பைக் கேட்க வேண்டும். அனுபவசாலி ‘இரண்டு நாள்’ என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மூன்றையும் மனதில் பார்த்துவிடுவார். அவருடைய அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. டிக்கெட்டைத் தொடங்கும் முன் அதைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரத்தை எழுதி, எது உங்கள் கையில் இல்லை என்று குறித்து வையுங்கள். முடிந்த பிறகு உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். மிகவும் தவறிப்போன ஒன்றை மட்டும் மென்டாரிடம் எடுத்துச் சென்று, “இதில் நான் எதைப் பார்க்கத் தவறினேன்?” என்று கேளுங்கள்.

தன்னம்பிக்கை என்ற சொல்லைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். அது வேண்டாதது என்று சொல்லவில்லை. நேராக அதைக் குறிவைத்து ஒருவர் செய்யக்கூடிய வேலை எதுவுமில்லை. சொன்ன நாளில் சொன்னதை முடிக்கத் தொடங்கினால் தானாக வரும். ‘ஃபுல் ஸ்டாக்’ என்பதையும் இப்போதைக்கு விடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கிளவுட் என்று மூன்றிலும் கால் வைத்து ஆறு மணி நேரத்தைப் பங்கு போட்டால் எதிலும் ஆழம் வராது.

படிவம் ‘அளவிடக்கூடிய’ இலக்கைக் கேட்கும். பெரும்பாலான நிறுவனப் படிவங்களுக்குப் பின்னால் இருப்பது மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981-ல் முன்வைத்த ‘ஸ்மார்ட்’ என்ற சூத்திரம். குறிப்பானது, அளவிடத்தக்கது, கால வரையறை உள்ளது என்பன உள்ளிட்ட ஐந்து தன்மைகளை அது சொல்கிறது. ஒவ்வொரு இலக்கிலும் ஐந்தும் இருந்தே ஆக வேண்டும் என்று டோரனே சொல்லவில்லை. அந்த நிதானம் படிவங்களுக்கு வந்து சேரவில்லை. எண்ணிக்கை கேட்கிறார்களே என்று ‘மாதம் 20 டிக்கெட் மூடுவேன்’, ‘மூன்று சான்றிதழ் வாங்குவேன்’ என்று எழுதிவிட்டால், நீங்கள் எளிதான டிக்கெட்டுகளாகப் பொறுக்கத் தொடங்குவீர்கள். கடினமானது கைக்கு வரும்போது ஒதுங்குவீர்கள். இலக்கு நிர்ணயத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோரின் முடிவும் இங்கே உதவும்: செய்யும் வழி இன்னும் பிடிபடாத சிக்கலான வேலையில், ‘இவ்வளவு சாதிப்பேன்’ என்பதைவிட, ‘இதைச் செய்யும் வழிகளைக் கண்டறிவேன்’ என்ற கற்றல் இலக்கு நல்ல பலன் தருகிறது. ஆகவே எண்ணுக்குப் பதில் சான்றைக் கொடுங்கள். புல் ரெக்வெஸ்டில் நீங்கள் எழுதிய விளக்கம், டிக்கெட்டில் உள்ள மதிப்பீடும் உண்மையில் ஆன நேரமும், நீங்கள் எழுதிய டிசைன் குறிப்பு ஆகியவை எவரும் திறந்து பார்க்கக்கூடியவை. எச்.ஆர். இதை மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அப்ரைசல் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயமல்ல. மென்டார் வேறு டீமில் இருப்பது உங்களுக்குச் சாதகம். உங்கள் ரேட்டிங்கில் அவருக்கு நேரடிக் கை இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். “சார், நாம் பேசுவதில் எதெல்லாம் என் மேனேஜருக்குப் போகும்? தெரிந்தால் நான் வெளிப்படையாகப் பேச வசதியாக இருக்கும்” என்ற கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும், இரண்டு தாள்கள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று எச்.ஆர். படிவம்: அதில் நீங்கள் சேர்த்துக்கொள்ளப்போகும் திறனை மட்டும் எழுதுங்கள். இன்னொன்று உங்களுக்கும் அவருக்கும் மட்டுமான வேலைக் குறிப்பு: எங்கே தடுக்கி விழுகிறீர்கள் என்பது அதில் இருக்கட்டும். படிவத்தில் பொய் எழுதச் சொல்லவில்லை. படிவத்தை நாட்குறிப்பாக்க வேண்டாம் என்கிறேன்.

(எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது நீங்கள் மட்டும் ‘சார்’ என்பது உறுத்தினால் அதையும் விட்டுவிடுங்கள். எப்படி அழைக்கிறீர்கள் என்பதைவிட, அவர் சொல்வது உங்களுக்குச் சரியாகப் படாதபோது அதை அவரிடம் சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம்.)

ஆங்கிலத்தைப் பற்றிக் குறைந்த வார்த்தைகளே சொல்வேன். மென்டாருக்குத் தமிழ் தெரியுமானால் தமிழிலேயே பேசுங்கள். சிக்கலான விஷயத்தை யோசிக்கும்போது மொழியோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆனால் பேசி முடித்ததும் எடுத்த முடிவைப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். நம் துறையில் சரளமான பேச்சைக் காட்டிலும் தெளிவான எழுத்துக்குத் தேவை அதிகம், அது பயிற்சியால் சீக்கிரம் வரும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன மாற்றினோம், மறுபடி வராமல் இருக்க என்ன செய்தோம் என்ற நான்கையும் சொல்லத் தெரிந்தால் வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது.

ஏ.ஐ. பற்றிய கேள்வி நியாயமானது. தொடரியல், பிழைச் செய்தியின் பொருள், ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தும் முறை ஆகியவற்றை மென்டாரிடம் கேட்பது இனி இருவர் நேரத்தையும் வீணாக்குவதுதான்; நிறுவனம் அனுமதிக்கும் கருவியிடம் கேளுங்கள் (அனுமதிக்காத கருவியில் நிறுவனத்தின் கோடை ஒட்டுவது வேலைக்கே உலை வைக்கும்). ஆனால் மேலே சொன்ன ஹைபர்நேட் சிக்கலில், கருவி மூன்று வழிகளையும் அழகாக எழுதித் தரும். உங்கள் டேபிளில் எத்தனை கோடி வரிகள் இருக்கின்றன, போன ஆண்டு எந்தப் பக்கத்தால் சிஸ்டம் விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. கருவி தந்த ஒரு விடையை ஏற்றதற்கோ நிராகரித்ததற்கோ நீங்கள் சொல்லும் காரணத்தை மென்டாரிடம் காட்டி, “இந்தக் காரணம் நிற்குமா?” என்று கேட்பது இன்றைய ஜூனியருக்கு மிகப் பயனுள்ள பயிற்சி என்று நான் கருதுகிறேன்.

சந்திப்பை நடத்தும் பொறுப்பு உங்களுடையது. அழைப்பிதழ் உங்கள் காலண்டரிலிருந்தே போகட்டும். முந்தைய நாள் மதியத்துக்குள் ஐந்தாறு வரி அனுப்பிவிடுங்கள்: இந்தப் பிரச்சினை, இதுவரை முயன்றது, நான் சாயும் முடிவு, எனக்கு உறுதியில்லாத இடம். ‘நான் சாயும் முடிவு’ என்ற வரி இல்லாமல் அனுப்பாதீர்கள்; அது தவறாக இருந்தாலும், அவர் திருத்துவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். வெறும் கேள்வியை அனுப்பினால் வெறும் விடைதான் திரும்பி வரும். அவர் இரண்டு முறை தொடர்ந்து சந்திப்பைத் தள்ளிவைத்தால் வருத்தப்பட்டு ஒதுங்க வேண்டாம். “எழுத்திலேயே பதில் தந்தாலும் போதும்” என்று ஒரு வரி போடுங்கள். மூத்தவர்களில் பலருக்கு அரை மணி நேரத்தை ஒதுக்குவதைவிடப் பத்து நிமிடத்தில் பதில் எழுதுவது எளிது. மூன்றாவது மாதத்தின் முடிவில், வேலைக் குறிப்பை இருவரும் சேர்ந்து பார்த்து, ஒத்துவராத இலக்கைத் தயங்காமல் மாற்றுங்கள். அதற்குள் நீங்கள் வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றப்பட்டிருக்கவும் கூடும்.

மூன்றாவது இலக்குக்கு உங்கள் பழைய சிஸ்டம் டிசைனையே வைத்துக்கொள்ளலாம், அளவை மட்டும் சுருக்க வேண்டும். உங்கள் டீமில் வரவிருக்கும் ஒரு சிறு அம்சத்தை, எடுத்துக்காட்டாக ஆர்டர் பட்டியலை எக்செல்லாகத் தரவிறக்கும் வசதியை, டீம் லீடிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டவுடன் ஃபைலைத் தருவதா, பின்னணியில் உருவாக்கி மின்னஞ்சலில் இணைப்பை அனுப்புவதா, ஒரே நேரத்தில் 50 பேர் கேட்டால் என்ன ஆகும், பாதியில் நின்றுபோனால் மறுபடி ஓட்டலாமா, யாருக்கு எந்த வரிகள் தெரியலாம் என்று யோசித்து, நிராகரித்த வழிகளையும் அவற்றின் காரணத்தையும் சேர்த்து இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். மென்டார் அதைக் கிழித்துத் தொங்கவிடட்டும். பிறகு திருத்தி, உங்கள் டீமின் முன் நீங்களே விளக்குங்கள்.

படிவத்தின் மூன்று கட்டங்களிலும் இப்படி எழுதி அனுப்பலாம்: ‘தரவு எடுக்கும் கோடின் குவெரி எண்ணிக்கையையும் தாங்குதிறனையும் ரிவ்யூவுக்கு முன் நானே ஆராய்ந்து பதிவு செய்தல்’, ‘டிக்கெட்டுகளைத் துண்டுகளாகப் பிரித்து மதிப்பிடுதல், உண்மையில் ஆன நேரத்துடன் ஒப்பிட்டுத் திருத்துதல்’, ‘ஒரு சிறு அம்சத்துக்கு டிசைன் குறிப்பு எழுதி டீமின் முன் விளக்குதல்’. உங்கள் ரிவ்யூ குறிப்புகளில் குவெரிக்குப் பதில் டெஸ்டுகளோ, பிழை கையாளுதலோ அதிகம் வந்திருந்தால் முதல் கட்டத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் மென்டாருக்கு ஒரு முறை காட்டி, “ஆறு மாதத்துக்கு இது அதிகமா, குறைவா?” என்று மட்டும் கேளுங்கள்.